13 ஆம் வளைவு: மனக்காயத்தை அடையாளம் கண்டு ஆற்றிக்கொள்ள ஒரு வழிகாட்டி

2014 நவம்பரில் ஒரு சாயங்காலம், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 13 ஆம் கொண்டை ஊசி வளைவில் எங்கள் வண்டி சறுக்கி விழுந்தது. தூறல், பனிமூட்டம், ரோட்டில் சிந்திக் கிடந்த டீசல். ஓட்டிய என் கணவருக்குத் தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பார்க்க வந்த ஒவ்வொருவரும் "உனக்கு ஒன்னும் ஆகலையே கண்ணு, சேர்வராயன் சாமிதான் காப்பாத்துச்சு" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். எனக்கு என்ன ஆகியிருந்தது என்று தெரியக் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆனது.

நான் டாக்டர் இல்லை. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். சிகிச்சை எடுத்துத் தேறிய பிறகு, தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒன்பது பத்துப் பேருக்குத் துணையாக மனநலப் பிரிவுக்குப் போய் வந்திருக்கிறேன். முதல் தடவை போகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் அதே இடங்களில்தான் தடுமாறினேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பிறரைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில், இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பயங்கரமான ஒன்று நடப்பது வேறு, அது காயமாக நின்றுவிடுவது வேறு. விபத்து, அடிதடி, பாலியல் கொடுமை, திடீர் மரணம், வெள்ளம், தீ என்று ஏதோ ஒன்றை உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் சந்திக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் அது பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற நோயாக மாறுகிறது. மற்றவர்களும் முதல் சில வாரம் தூக்கம் கெட்டு, திடுக்கிட்டு, அழுது, பிறகு மெல்லத் தேறிவிடுகிறார்கள். அதனால் துக்கமோ விபத்தோ நடந்த பத்தாம் நாளில் ஒருவர் சரியாகச் சாப்பிடவில்லை, தனியாகப் படுக்கப் பயப்படுகிறார் என்றால் பதற வேண்டாம். கூடவே இருங்கள், போதும்.

ஒரு மாதம் என்பதுதான் டாக்டர்கள் வைத்திருக்கும் கோடு. ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்தது மறுபடி கிளம்புகிறது என்றால் கவனிக்க வேண்டும். சிலருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் முழுதாக வெளிப்படும். எனக்கு அப்படித்தான். கணவர் ஊன்றுகோலோடு நடக்கும்வரை எனக்கு உட்கார நேரமில்லை. அவர் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் நான் படுத்தேன்.

மூளைக்குள் அமிக்டலா என்ற சிறிய பகுதி ஆபத்து மணி அடிக்கிறது. ஹிப்போகேம்பஸ் என்ற இன்னொரு பகுதி, எது எப்போது எங்கே நடந்தது என்று வரிசைப்படுத்தி வைக்கிறது. உயிர் போகிற பயத்தில் மணி ஓங்கி அடிக்கும்போது அந்த வரிசைப்படுத்தும் வேலை தடுமாறிவிடுகிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், அது தேதி போடாத ரசீது. தேதி இல்லாத ரசீதை எந்த மாதக் கணக்கிலும் ஏற்ற முடியாது. ஃபைலுக்குள் போகாமல் மேசை மேலேயே கிடக்கும். காற்றடிக்கும்போதெல்லாம் பறந்து வந்து முகத்தில் விழும். அதனால்தான் பத்து வருஷம் முன்னால் நடந்தது இப்போது, இந்த நிமிஷம் நடப்பது போல உடம்பு நடுங்குகிறது.

"மறந்துடு" என்று சொல்பவர்கள் அந்த ரசீதைக் கிழித்துப் போடச் சொல்கிறார்கள். கிழிக்க முடியாது. தேதி போட்டு, உரிய இடத்தில் ஏற்றலாம். சிகிச்சை என்பது அந்த வேலைதான்.

ஒரே நாளில் நடந்தவை மட்டும் காயம் என்று நினைக்காதீர்கள். சின்ன வயதில் வருஷக்கணக்காகத் தினமும் நடந்தவை இன்னும் ஆழமாக உட்காரும். குடித்துவிட்டு வந்து அடிக்கும் அப்பா, எப்போதும் மட்டம்தட்டும் வீடு, நம்பிய உறவினரே தொட்டது. 1995 முதல் 1997 வரை அமெரிக்காவில் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று, குழந்தைப் பருவத்தில் இப்படிப்பட்ட கொடுமைகள் கூடக் கூட, நடுவயதில் மனச்சோர்வும் குடியும் மட்டுமில்லாமல் இதய நோயும் கூடுகிறது என்று காட்டியது. நீண்ட காலக் கொடுமையால் வரும் இந்த வகையை 'சிக்கலான பி.டி.எஸ்.டி.' என்று உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் உள்ள தன் நோய்ப் பட்டியலில் தனியாகவே சேர்த்திருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், வயது 44. ராத்திரி ஒன்பது மணி சுமாருக்குத் தெருவில் எந்த வீட்டு இரும்பு கேட் திறந்தாலும், கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அப்புறம் தண்ணீர் குடிக்க வந்த மாதிரி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்புவார். அவர் அப்பா குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த நேரம் அது. அப்பா இறந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. இதை முதலில் கவனித்தது அவருடைய பத்து வயது மகள். "அப்பா ஏம்மா தினமும் தாகம் எடுக்காமலே தண்ணி குடிக்கப் போறார்?" என்று அவள் கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

நம் ஊரில் யாரும் "எனக்கு மனக்காயம்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடக்குது, தலை பாரமா இருக்கு, வயித்துல ஏதோ உருளுது, கைகால் மரத்துப் போகுது, உடம்பே என்னோடது இல்லாத மாதிரி இருக்கு, "ஒரு மாதிரியா" இருக்கு என்றுதான் சொல்வோம். அதில் பொய் எதுவும் இல்லை. உடம்பு நிஜமாகவே அப்படித்தான் ஆகிறது.

2016 மே மாதம் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் ஒரு லாரிக்குப் பின்னால் ஷேர் ஆட்டோவில் இருந்தேன். லாரி பிரேக் போட்டது. தீய்ந்த ரப்பரும் சூடான இரும்பும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. அடுத்த நொடி என் இடது கை குளிர்ந்து போனது. காதில் ஹோ என்ற சத்தம். செத்துவிடப் போகிறேன் என்று உறுதியாகத் தோன்றியது. பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் இ.சி.ஜி. எடுத்தார்கள், நார்மல். பத்து நாள் கழித்து மறுபடி அதே போல, மறுபடி இ.சி.ஜி., மறுபடி நார்மல். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், நாலு மாதம் போட்டேன். அந்த வாசனை மலை இறங்கும் வண்டிகளின் வாசனை, 13 ஆம் வளைவில் நான் ரோட்டில் கிடந்தபோது என்னைச் சுற்றி இருந்த வாசனை என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அதனால் ஒரு நோட்டு எடுங்கள். உடம்பு இப்படி ஆடும் ஒவ்வொரு தடவையும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, எங்கே இருந்தீர்கள், அதற்குச் சற்று முன் என்ன பார்த்தீர்கள், கேட்டீர்கள், முகர்ந்தீர்கள். இரண்டு வாரத்தில் ஒரு கோலம் தெரியத் தொடங்கும். முதலில் இதய நோய், தைராய்டு, ரத்தசோகை ஆகியவற்றைப் பரிசோதித்து இல்லை என்று தெரிந்துகொள்வதும் அவசியம், அதைத் தாண்டாதீர்கள். ஆனால் எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்த பிறகும் அடுத்த ஸ்கேனுக்கு ஓடாமல், அந்த நோட்டைத் திறந்து பாருங்கள்.

மனநலப் பிரிவில் முதல் தடவை கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஐந்து விஷயங்களைச் சுற்றியே இருக்கும். கடந்த ஒரு மாதத்தில்:

நடந்தது கெட்ட கனவாகவோ, கூப்பிடாமலே நினைவாகவோ வந்ததா?
அதை நினைக்காமல் இருக்க, அதை ஞாபகப்படுத்தும் இடத்துக்கோ ஆளிடமோ போகாமல் இருக்க மெனக்கெட்டீர்களா?
எப்போதும் காவல் காப்பது போல இருந்ததா, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டதா?
மனிதர்களிடமிருந்தும் பிடித்த வேலைகளிடமிருந்தும் விலகி, மரத்துப் போனது போல உணர்ந்தீர்களா?
நடந்ததற்கு உங்களையோ மற்றவரையோ ஓயாமல் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தீர்களா?

மூன்றோ அதற்கு மேலோ 'ஆமாம்' என்றால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒருவரிடம் காட்டிக் கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

இதில் இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் கண்ணில் படாது. ஒதுங்கிப் போவது எப்போதும் ஒரு நல்ல காரணத்தோடுதான் வரும். நான் மலை ஏறுவதை நிறுத்தியபோது எல்லோரிடமும் முட்டி வலி என்றேன். எஸ்டேட் முதலாளியும் நல்ல மனிதர், கணக்குப் புத்தகங்களைச் சேலத்துக்கே அனுப்பி வைத்தார். முட்டி நிஜமாகவே வலித்தது. தாய்மாமன் வீட்டுக் கல்யாணம் ஏற்காட்டில், போகவில்லை: மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் மலை தெரியும் என்பதால் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போவதும் நின்றது: வெயில். ஒவ்வொரு காரணமும் சரியாகத்தான் இருந்தது. சேர்த்துப் பார்த்தபோதுதான் என் உலகம் இரண்டு தெருவாகச் சுருங்கியிருந்தது தெரிந்தது. உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ நல்ல நல்ல காரணங்கள் வரிசையாகச் சேர்கின்றன என்றால், நின்று பாருங்கள்.

ஆபத்து இன்னும் நடக்கிறதா?

இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் மற்ற படிகள் எல்லாம் பிறகு. அடிக்கும் கணவனோடு அதே வீட்டில் இருக்கும் பெண்ணின் பயம் நோய் இல்லை, அது சரியான எச்சரிக்கை. மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து அவளை அமைதிப்படுத்துவது தவறு என்றே நான் சொல்வேன். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, உடனடி ஆபத்தில் 112. 181இல் பேசினால் தங்குமிடம், சட்ட உதவி, போலீஸ், மருத்துவம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் சகி மையத்துக்கு வழி சொல்வார்கள்.

செத்துப் போகலாம் என்ற எண்ணம் வந்தால் மறைக்காதீர்கள். அந்த எண்ணம் உள்ளவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டுவிட்டால் 108. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தயங்காதீர்கள்.

உடம்பை இந்த நிமிஷத்துக்குக் கொண்டுவருவது

டாக்டரைப் பார்க்கும் முன்பே இதைத் தொடங்கலாம். படபடப்பு ஏறும்போது மனசோடு வாதாடிப் பயனில்லை. மணி அடிக்கும் இடத்துக்கு வார்த்தை எட்டாது. கால் எட்டும், மூச்சு எட்டும்.

உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் படட்டும், செருப்பைக் கழற்றிவிடுங்கள். நாலு எண்ணி மூச்சை இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். விடுவது நீளமாக இருப்பதுதான் முக்கியம். பத்துத் தடவை. பிறகு கண்ணில் படும் ஐந்து பொருள், தொட முடிகிற நாலு, காதில் விழும் மூன்று சத்தம், மூக்குக்கு எட்டும் இரண்டு வாசனை, நாக்கில் ஒரு சுவை என்று வாய்க்குள் சொல்லுங்கள். எனக்கு இது பஸ்ஸில்தான் கைகொடுத்தது. கண்டக்டரின் பை, முன் சீட்டுக் கம்பி, ஜன்னலில் ஒட்டிய சாமி படம், யாரோ மடியில் வைத்திருந்த தட்டுவடைப் பொட்டலம், அதிலிருந்து வந்த பூண்டுச் சட்னி வாசனை. கடைசியில் இன்றைய தேதியைச் சொல்லுங்கள், கிழமையோடு. அந்த ரசீதுக்குத் தேதி போடும் வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. கண்ணை மூடித் தியானம் செய்யச் சொல்வார்கள். காயம் உள்ள சிலருக்குக் கண்ணை மூடினால்தான் படம் ஓடத் தொடங்கும். அப்படி இருந்தால் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

இதெல்லாம் தவறாமல் நடக்க வேண்டும்: ஒரே நேரத்தில் எழுவது, மூன்று வேளைச் சாப்பாடு, சாயங்காலம் அரை மணி நடை. மதியத்துக்கு மேல் காபி வேண்டாம், காபித் தோட்டத்தில் சம்பளம் வாங்குகிற நானே சொல்கிறேன். தூங்குவதற்காகக் குடிப்பவர்களுக்குத் தூக்கம் வரும், ஆனால் நடுராத்திரியில் கனவு இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

ஒருவரிடம் சொல்லுங்கள், கேட்பவர் இதைப் படியுங்கள்

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் போதும். முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை, "எனக்கு அந்த விபத்துக்கு அப்புறம் சரியில்லை, யாரையாவது பார்க்கணும், கூட வர்றீங்களா?" என்றால் போதும். நான் சொன்னபோது என் கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வண்டி ஓட்டினவன் நான், என்னைத் திட்டாம இருக்கியேன்னுதான் இத்தனை நாள் நினைச்சேன் ம்மா" என்றார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே விபத்தைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்தோம்.

கேட்கிறவர்களுக்கு: என்ன நடந்தது என்று தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். சம்பவம் நடந்த உடனே உட்காரவைத்து முழுவதையும் ஒப்பிக்கச் சொல்வது நல்லது செய்வதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்து, உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது. "மத்தவங்களுக்கு நடக்காததா", "பொம்பளைன்னா பொறுத்துக்கணும்", "ஆம்பளை அழலாமா" என்பவை காயத்தின் மேல் காரம். "நீ சொல்றதை நம்புறேன்", "சாப்பிட்டியா", "நாளைக்கு நானும் வர்றேன்" ஆகிய மூன்றுக்கும் ஈடு இல்லை.

மந்திரிப்பது, பாடம் போடுவது, வேப்பிலை அடிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் என்னைக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். யாரோ ஒருவர் என் தலையில் கை வைத்து "பயந்த புள்ள, சரியாயிடும்" என்றது அத்தனை நாளில் முதல் தடவையாக என் பயத்தை ஒருவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டது. அதை நான் குறைவாக நினைக்கமாட்டேன். கோயிலுக்கும் போங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள். ஆனால் அடிக்கிற, பட்டினி போடுகிற, கட்டிவைக்கிற இடத்துக்கு மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். சங்கிலியால் கட்டுவது இன்று சட்டப்படி குற்றம்.

எங்கே போவது, என்ன கேட்பது

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று சொல்லும்போது குரல் தானாக இறங்கும், எல்லோருக்கும் இறங்கும். கூட ஒருவர் இருந்தால் அவரைச் சொல்லச் சொல்லுங்கள். பழைய இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, சாப்பிடும் மாத்திரை அட்டை, அந்த நோட்டு, எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். மலைக் கிராமத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள், முதலில் 14416இல் பேசி, போக வேண்டுமா, எந்த நாளில் போகலாம் என்று கேட்டுக்கொண்டு கிளம்பலாம்.

உள்ளே போனதும் அழுகை வந்துவிடும், சொல்ல நினைத்தது மறந்துவிடும். அதனால் மூன்று வரி எழுதி எடுத்துப் போங்கள்: என்ன நடந்தது, எப்போது நடந்தது, இப்போது என்ன செய்ய முடியவில்லை. மூன்றாவதுதான் டாக்டருக்கு அதிகம் உதவும். "மலை ஏற முடியலை", "குழந்தை கையைப் பிடிச்சா தட்டிவிடறேன்", "கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு ஏழு தடவை போய்ப் பாக்கறேன்." நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதியில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது அதே 2017 சட்டத்தில் உங்களுக்குள்ள உரிமை.

மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். பேச்சு வழிச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். வெளியே தனியாரிடம் போவதானால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டா என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், நல்லவர்கள் உடனே காட்டுவார்கள். இன்னொரு கேள்வி: "அதிர்ச்சிக்கான சிகிச்சையில் உங்களுக்குப் பயிற்சி இருக்கிறதா?" நினைப்பையும் நடத்தையையும் மெல்ல மாற்றப் பழக்கும், அதற்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளை வைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர். ஆகிய இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒரு காயத்துக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள். சின்ன வயதுக் காயத்துக்கு இன்னும் நாளாகும். இரண்டு மூன்று தடவை போயும் அவரிடம் மனம் ஒட்டவில்லை என்றால் வேறொருவரைப் பாருங்கள், சிகிச்சையையே விட்டுவிடாதீர்கள்.

மருந்து பற்றி ஒரே விஷயம். செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் வேலை செய்ய சில வாரம் ஆகும். நாலாம் நாளே ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள், தேறியதும் நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரை வேறு. அது பழக்கமாகிவிடும், இந்தக் காயத்தை ஆற்றாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று விடாமல், டாக்டர் சொல்கிறபடி குறைத்துக்கொண்டு வாருங்கள். எனக்கு அதற்கே ஏழு வாரம் ஆனது.

வளைவு வளைவாக ஏறுவது

என்னைப் பார்த்த உளவியலாளர் என் மகள் வயதுப் பெண். மூன்றாம் அமர்வில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "அக்கா, நீங்க ஒதுங்கிப் போற விஷயங்களை எல்லாம் எழுதுங்க, குறைவா பயம் தர்றது கீழே, அதிகமானது மேலே" என்றார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 0 முதல் 100 வரை பயத்துக்கு மதிப்பெண். மொட்டை மாடியிலிருந்து மலையைப் பார்ப்பது 25. வாசலில் நிற்கும் வண்டியின் பின் சீட்டில் உட்காருவது 40. அடிவாரத்தில் நின்று, இறங்கி வரும் வண்டிகளின் பிரேக் வாசனையை முகர்வது 65. 13 ஆம் வளைவு 100.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். என் சிகிச்சைக்கென்றே போட்டு வைத்த ஏணி போல இருந்தது.

விதி எளிது. கீழ்ப்படியில் தொடங்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பக் கூடாது. அது பாதியாகக் குறையும்வரை அங்கேயே நிற்க வேண்டும். உச்சத்தில் ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். நின்றால், நின்றும் ஒன்றும் ஆகவில்லை என்று கற்றுக்கொள்ளும். ஒரு படி அலுத்துப் போனால்தான் அடுத்த படி.

அடிவாரத்தில் முதல் நாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம், நானும் என் தம்பியும். முதல் லாரி இறங்கியதும் 65 என்று எழுதியிருந்தது 85 ஆனது. டம்ளர் கையில் ஆடி டீ புடவையில் கொட்டியது. தம்பி எழவில்லை, "போலாமாக்கா" என்று கேட்கவும் இல்லை. கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "எவ்வளவுக்கா?" என்று மட்டும் கேட்டான். எண்பது. எழுபது. ஐம்பத்தைந்து. நாற்பது நிமிஷம் கழித்து 35. அதற்குள் பதினெட்டு வண்டி இறங்கியிருந்தன. கடைக்காரர் மூன்றாவது டீக்குக் காசு வாங்கவில்லை. ஐந்தாம் தடவை போனபோது 15 தான்.

பிறகு தம்பியின் காரில் 3 ஆம் வளைவுவரை, 5 வரை, 9 வரை. ஒதுங்கி நிறுத்த இடமுள்ள பக்கத்தில் மட்டும், பகலில் மட்டும், மழையில்லாத நாளில் மட்டும். உங்கள் ஏணி வேறாக இருக்கும்: லிஃப்ட், கல்லூரிப் படிக்கட்டு, ஆஸ்பத்திரி வராந்தா, ஒரு மனிதரின் குரல். ஏணியை ஒரு சிகிச்சையாளரோடு சேர்ந்து போடுங்கள். நிஜமாகவே ஆபத்தானதை, அடித்தவனை நேரில் பார்ப்பதை, ஏணியில் ஒரு படியாக வைக்கவே வைக்காதீர்கள். மறுபடி மறுபடி நிலைகுலைந்து போகிறீர்கள், நடந்தது முழுதாகக் கண்முன் ஓடி எங்கே இருக்கிறோம் என்பதே மறந்து போகிறது என்றால், தனியாகச் செய்யாதீர்கள்.

இடையிடையே அந்த உளவியலாளர் என்னை எழுதச் சொன்னார். 1986 இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், நாலு நாள் தொடர்ந்து தினமும் 15 நிமிஷம், மனதைப் புண்படுத்தியதை நிறுத்தாமல் எழுதியவர்கள், அன்றைக்கு அழுதாலும், அடுத்த மாதங்களில் டாக்டரிடம் போவது குறைந்தது. எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம். எழுத எழுத மோசமாகிறது என்றால் நிறுத்திவிட்டுச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். நான் முதல் நாள் எழுதியதில் என் கணவர் பெயரே இல்லை. நாலாம் நாள்தான் அவர் ரோட்டில் கிடந்து என்னைப் பார்த்து "உனக்கு அடிபட்டுச்சா" என்று கேட்டது ஞாபகம் வந்தது. இரண்டு வருஷமாக அது எங்கேயோ போயிருந்தது.

13 ஆம் வளைவுக்குப் போனது 2017 மார்ச்சில், காபி பூத்திருந்த வாரம். கீழே வரைக்கும் மல்லி போல வாசனை. மதிப்பெண் 70இல் தொடங்கியது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு, கீழே சேலம் வெள்ளையாகத் தெரிந்தது. நான் அந்த இடத்தை அவ்வளவு பெரிதாக நினைத்து வைத்திருந்தேன். ஒரு பஸ் திரும்பும் அகலம்தான் இருந்தது.

தேதி திரும்பி வரும்போது

தேறிய பிறகும் சில நாட்கள் கனமாக வரும். சம்பவம் நடந்த மாதம், அதே மழை, அதே பண்டிகை. ஆடிப் பண்டிகைக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்துப் பிறகு கண்டுபிடித்த ஒரு தாய்க்கு இன்னும் ஆடி பிறந்தால் தூக்கம் போய்விடுகிறது. இது நோய் திரும்பியது இல்லை. காலண்டரில் முன்கூட்டியே குறித்து வையுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள், அந்த வாரத்தில் பெரிய வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், மூச்சுப் பயிற்சியை இரண்டு வேளையாக்குங்கள். இரண்டு வாரம் தாண்டியும் இறங்கவில்லை என்றால் மட்டும் டாக்டரிடம் ஒரு தடவை போய் வாருங்கள்.

நவம்பர் பிறந்ததும் நான் பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு மாறிவிடுவேன். ஜன்னலோர சீட் கிடைத்தால் 12 ஆம் வளைவு தாண்டியதும் என் கணவருக்கு ஒரு மெசேஜ் போடுவேன், அன்றைய தேதியை மட்டும். அவர் பதிலுக்குச் "சாப்பாட்டுப் பையை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்பார்.